குழந்தைகளோட சம்மர் மியூசிக் ஃபெஸ்டிவல்: பையில் எது இருக்கணும், எதுக்குக் காசு போகக் கூடாது?



இங்கிலாந்தில் இருக்கும் நம்ம சேனல் குடும்பங்களிடமிருந்து ஒவ்வொரு கோடையிலும் தவறாம வர்ற கேள்வி இது: "சின்னப் பசங்களைக் கூட்டிட்டு மியூசிக் ஃபெஸ்டிவல் போகலாமா? எவ்வளவு ஆகும்? என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?"

போகலாம், தாராளமா போகலாம். ஆனா ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். ஃபெஸ்டிவல் செலவுன்னா டிக்கெட் விலைதான்னு நாம நினைக்கிறோம். நிஜத்தில், டிக்கெட்டுக்கு ஈடா இன்னொரு தொகை நம்ம பையை எப்படி அடுக்குறோம் என்பதில் போகுது. வீட்டிலிருந்து எடுத்துட்டுப் போகாத ஒவ்வொரு பொருளையும் அங்கே மைதானத்து விலையில்தான் வாங்கணும். தேவையில்லாம வாங்கின பொருள் அடுத்த பத்து வருஷம் கராஜ்ல தூங்கும். இந்த ரெண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கு. அதைத்தான் இந்தப் பதிவில் பார்க்கப் போறோம்.

கணக்குக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்குவோம்: அப்பா, அம்மா, 5 வயசில் ஒண்ணு, 2 வயசில் ஒண்ணு. நாலு நாள், டென்ட்டில் தங்கல். எடுத்துக்காட்டு கிளாஸ்டன்பரி. ஏன்னா எல்லாருக்கும் தெரிஞ்ச பெயர். கேம்ப் பெஸ்டிவல், லாட்டிடியூட், கிரீன் மேன் எதுக்குப் போனாலும் பை கிட்டத்தட்ட இதேதான்.

முதல்ல டிக்கெட் கணக்கு

கிளாஸ்டன்பரி 1970-ல் சோமர்செட்டில் ஒரு பால் பண்ணையில் ஆரம்பிச்சப்போ நுழைவுக் கட்டணம் 1 பவுண்டு. பண்ணைப் பாலும் இலவசம்! 2025-ல் ஒரு டிக்கெட் 373.50 பவுண்டு, முன்பதிவுக் கட்டணம் 5 பவுண்டு. ஆக ரெண்டு பெரியவங்களுக்கு 757 பவுண்டு. நல்ல செய்தி, 12 வயசு வரைக்கும் குழந்தைகளுக்கு டிக்கெட் கிடையாது. எல்லா ஃபெஸ்டிவலிலும் இப்படி இல்ல. சில இடங்களில் கைக்குழந்தைக்கும் ஒரு சின்னக் கட்டண டிக்கெட் எடுக்கணும். வயசு வரம்பைப் படிச்சுட்டு அப்புறம் கார்டை நீட்டுங்க.

2026 கிளாஸ்டன்பரிக்கு ஓய்வு ஆண்டு. நிலத்துக்கு ஓய்வு கொடுக்க சில வருஷங்களுக்கு ஒரு முறை நிறுத்திடுவாங்க. நம்மைப் பொறுத்தவரை அது சேமிக்கும் ஆண்டு. ஏன்னு கடைசியில் கணக்கோட சொல்றேன்.

இங்கே ரெண்டு பண விஷயம் இருக்கு. பை அடுக்குறதுக்கு முன்னாடியே முடிக்க வேண்டியவை.

ஒண்ணு, டிக்கெட்டை கிரெடிட் கார்டில் எடுங்க. 1974-ம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ம் பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள ஒரு பொருளுக்கு, விற்றவரோடு சேர்த்து கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாக்குது. கவனிங்க, ஒரு பொருளின் விலை 100-ஐத் தாண்டணும். 95 பவுண்டு டிக்கெட் ரெண்டு எடுத்து மொத்தம் 190 ஆனாலும் இந்தப் பாதுகாப்பு வராது. முன்பணத்தை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் முழு விலைக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனா நடுவில் ஒரு ஏஜென்ட் மூலமா வாங்கினா இந்தத் தொடர்பு அறுந்து போக வாய்ப்பிருக்கு. அதனால முடிஞ்சவரை நேரடியா வாங்குங்க. அடுத்த மாதமே முழுத் தொகையையும் கட்டிடணும் என்பது சொல்லாமலே தெரியும்.

ரெண்டு, பள்ளிக்கூடம். கிளாஸ்டன்பரி ஜூன் கடைசியில், புதன்கிழமை முதல் ஞாயிறு வரை. அது பள்ளி நாள். இங்கிலாந்தில் 2024 ஆகஸ்டிலிருந்து ஒரே மாதிரி அபராத விதி அமலில் இருக்கு. அனுமதியில்லாத விடுப்பு 10 பள்ளி வாரங்களுக்குள் 10 அமர்வுகளை எட்டினா, அபராதம் போடலாமான்னு பள்ளி பரிசீலிக்கணும். ஒரு நாளுக்கு 2 அமர்வு, அதாவது 5 நாள். அபராதம் 21 நாளுக்குள் கட்டினா 80 பவுண்டு, அதுக்கப்புறம் 160. இது ஒரு குழந்தைக்கு, ஒரு பெற்றோருக்கு. ரெண்டு பெற்றோர், ரெண்டு பள்ளிக் குழந்தைன்னா 80-ஐ நாலால் பெருக்குங்க, 320 பவுண்டு! புதன், வியாழன், வெள்ளி மூணு நாள் போட்டா 6 அமர்வு ஆயிடும். அதே காலத்தில் வேற விடுப்பும் எடுத்திருந்தா வரம்பு நெருங்கிடும். கேம்ப் பெஸ்டிவல், கிரீன் மேன் மாதிரி கோடை விடுமுறையில் நடக்கும் விழாக்களுக்கு இந்தத் தலைவலியே இல்ல.

புதுசா வாங்கியே ஆக வேண்டிய ஒரே பொருள்: காதுக் கவசம்

பட்டியலில் எதை வெட்டினாலும் இதை வெட்டாதீங்க.

சத்தத்தின் கணக்கு நம்ம கூட்டு வட்டி மாதிரி. 3 டெசிபல் கூடினா, தாங்கக்கூடிய நேரம் பாதியாகும். 85 டெசிபலில் 8 மணி நேரம்னா, 88-ல் 4 மணி, 91-ல் 2 மணி, 94-ல் 1 மணி, 97-ல் அரை மணி, 100 டெசிபலில் வெறும் 15 நிமிஷம். பெரிய மேடைக்கு முன்னாடி 100 டெசிபல் என்பது சாதாரணம். இது வேலைக்குப் போகும் பெரியவங்களுக்கான கணக்கு. குழந்தைக்கு இன்னும் கவனம் வேணும். போன கேட்புத் திறன் திரும்பி வராது. எந்த இன்ஷூரன்ஸும் அதை ஈடுகட்டாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது:

- காதை முழுசா மூடும் கவசம் வேணும். பாட்டு கேட்கிற ஹெட்ஃபோன் வேற, இது வேற. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஏமாந்துடாதீங்க.
- பெட்டியில் இ.என். 352 என்ற தர எண், எஸ்.என்.ஆர். என்ற தடுப்பு அளவு ரெண்டும் இருக்கணும். ரெண்டும் இல்லைன்னா அது பொம்மை.
- 2 வயசுக் குழந்தைக்கு தலையைச் சுத்தி மென்மையான பட்டையோட வர்ற வகை நல்லது. கழற்றி எறிய முடியாது.
- காதுக்குள் திணிக்கும் ஸ்பாஞ்ச் வகை சின்னக் குழந்தைக்கு வேண்டாம். வாயில் போட்டு விழுங்கிடும்.
- பாட்டி வைக்கிற பஞ்சு குளிர் காத்துக்கு. சத்தத்துக்கு அது பயன்படாது.

ஒரு மாசம் முன்னாடியே வாங்கி, வீட்டில் மிக்ஸி, வேக்யூம் கிளீனர் ஓடும்போது போட்டுப் பழக்குங்க. முதல் தடவையே மைதானத்தில் மாட்டினா எந்தக் குழந்தையும் பிடுங்கி எறியும். கவசம் மாட்டியிருந்தாலும் ஸ்பீக்கர் பக்கம் போகாதீங்க. பின்னாடி, ஓரமா, புல்தரையில் உட்கார்ந்து கேளுங்க. வெளியேறும் வழியும் பக்கத்தில் இருக்கும்.

மழையும் சேறும் வெயிலும்: மூணுக்கும் ஒரே பை

2005, 2007, 2016-ல் கிளாஸ்டன்பரி சேற்றில் மிதந்தது. 2019-ல் வெயில் கொளுத்தியது. ஒரே வாரத்தில் ரெண்டும் வரலாம். அதனால வானிலை பார்த்து பை மாத்துறது என்பது கடைசி நாள் வேலை. அடிப்படைப் பட்டியல் மாறாது.

வெல்லிங்டன் பூட்ஸ், தலையோட மூடும் ரெயின்கோட், சின்னவங்களுக்கு உடம்பு முழுக்க மூடும் ஒரே துண்டு மழை உடை. இது மூணும் கட்டாயம். இங்கிலாந்தில் குழந்தைகளின் உடைக்கும் காலணிக்கும் வாட் வரி பூஜ்யம், பெரியவங்க அளவுக்கு 20 சதவீதம். ஆனாலும் புதுசு வேண்டாம்னு சொல்வேன். 2 வயசுக் குழந்தையின் கால் ஒரு வருஷம் ஒரே அளவில் நிக்காது. சாரிட்டி கடையிலும் பழைய பொருள் விற்கும் ஆப்களிலும் ரெண்டு மழை பார்த்த பூட்ஸ் ஏராளமா கிடைக்கும். சாக்ஸ் மட்டும் நாளுக்கு ரெண்டு ஜோடி கணக்கில் எடுங்க. ஈரமான பூட்ஸை மாத்த முடியாது, ஈரமான சாக்ஸை மாத்தலாம்.

வெயிலுக்கு அகலத் தொப்பி, முழுக்கை பருத்திச் சட்டை, எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத, யு.வி.ஏ. 4 நட்சத்திரம் உள்ள சன்ஸ்கிரீன். "நம்ம தோலுக்கு இதெல்லாம் எதுக்கு, நாம பார்க்காத வெயிலா?" என்று ஒரு குரல் வீட்டில் வரும். நம்ம தோலும் வேகும், தெரிய நேரமாகும் அவ்வளவுதான். காலை 11 முதல் மதியம் 3 வரை நிழலில் இருக்கும்படி திட்டம் போடுங்க. 6 மாசத்துக்குக் குறைவான குழந்தை நேரடி வெயிலிலேயே இருக்கக் கூடாது.

எல்லா உடையையும் நாள் வாரியா பிரிச்சு, ஒரு நாளுக்கு ஒரு ஜிப் கவர். "வெள்ளி பெரியவன்", "வெள்ளி சின்னது" என்று எழுதிடுங்க. இருட்டில், சேற்றில், அழுகிற குழந்தையை ஒரு கையில் பிடிச்சுக்கிட்டு பையைக் கிளறும்போது இதோட அருமை தெரியும். காலியான கவர் ஈரத்துணி போட உதவும்.

தூக்கம்: குளிர் தரையிலிருந்து வரும்

ஜூன் மாசம்தானேன்னு மெல்லிய போர்வையோட போறவங்க நிறைய. சோமர்செட் இரவில் 10 டிகிரி வாக்கில் இறங்கும். நம்ம ஊட்டிக் குளிர்னு வெச்சுக்கோங்க, அதுவும் வெட்டவெளியில்.

மேலே எவ்வளவு போர்த்தினாலும், கீழே தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிடும். அதனால காசு போட வேண்டியது படுக்கும் விரிப்புக்குத்தான். காத்து மட்டும் நிரப்பும் மெத்தையைவிட நுரை விரிப்பு குளிரை நல்லாத் தடுக்கும். ஸ்லீப்பிங் பேக் நாலு புதுசா வாங்கணும்னு அவசியமே இல்ல. காரில் இடம் இருந்தா வீட்டு டூவே போதும். கைக்குழந்தைக்கு பெரியவங்க ஸ்லீப்பிங் பேக் கூடாது. முகம் மூடிக்கும் ஆபத்து இருக்கு. வீட்டில் போடுற அதே குழந்தைத் தூக்கப் பையும் உள்ளே ஒரு அடுக்கு உடையும் போதும்.

ஜூன் கடைசியில் சூரியன் காலை 5 மணிக்கு முன்னாடியே எழுந்திடும், ராத்திரி 9.30 வரைக்கும் போகாது. ஒரு கறுப்புத் துணி, நாலு கிளிப் எடுத்துக்கோங்க. டென்ட் உள்ளறைக்கு மேல் மாட்டினா உங்களுக்கு ஒரு மணி நேரத் தூக்கம் மிச்சம். வீட்டில் வெச்சு தூங்கும் பொம்மை, தலையணை உறை ரெண்டும் மறக்காதீங்க. அதுக்கு விலை கிடையாது, மாற்றும் கிடையாது.

டென்ட் கடன் வாங்குங்க. வருஷத்தில் நாலு நாள் பயன்படுத்துற பொருளுக்குச் சொந்தம் கொண்டாட வேண்டியதில்ல. உங்க தமிழ்ச் சங்க வாட்ஸாப் குழுவில் கேட்டுப் பாருங்க, ரெண்டு பேர் வீட்டிலாவது சும்மா கிடக்கும். திருப்பித் தரும்போது காய வெச்சு, கூட ஒரு டப்பா மைசூர்பாகு. வாங்கிய உடனே தோட்டத்தில் ஒரு தடவை கட்டிப் பாருங்க. கம்பி ஒண்ணு குறைஞ்சா அங்கே போய்த் தெரியக் கூடாது.

சாப்பாடு: அதிகம் மிச்சமாகும் இடம்

பெரும்பாலான ஃபெஸ்டிவல்களில் முகாம் பகுதிக்குச் சொந்தச் சாப்பாடு கொண்டு போகலாம். மேடைப் பகுதிக்குள் அனுமதிக்கிறாங்களான்னு விழாவுக்கு விழா மாறும், விதியைப் பாருங்க. கண்ணாடி மட்டும் கிட்டத்தட்ட எங்கேயும் கூடாது. ஊறுகாய் பாட்டில், நெய் பாட்டில் எல்லாம் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறணும்.

முதல் நாளுக்கு மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவின இட்லி. நம்ம ரயில் பயணச் சாப்பாடு, சூடாக்க வேண்டாம், குழந்தை கையாலேயே சாப்பிடும். சின்னவங்களுக்கு நெய், சர்க்கரை தடவி. புளிசாதம் கட்டினா ஆறவெச்சு ஃப்ரிட்ஜில் வெச்சு, ஐஸ் பெட்டியில் கொண்டு போய் முதல் நாளே முடிச்சிடுங்க. "புளி போட்டது கெடாது" என்ற நம்பிக்கையில் மூணாம் நாள் வரை வைக்காதீங்க. வெந்த அரிசியை வெளியில் வெச்சிருந்தா வயித்தைக் கெடுக்கும் கிருமி வளரும். அது நமக்கு வேற கோணத்தில் செலவு.

ரெண்டாம் நாளிலிருந்து வறுத்துத் தாளிச்ச ரவை உப்புமா மிக்ஸ், சத்துமாவு, ஓட்ஸ், சப்பாத்தி ரோல், பேரீச்சம்பழம், வாழைப்பழம், முறுக்கு. முழு வேர்க்கடலை, முழு முந்திரி 5 வயசுக்குக் கீழே கூடாது, தொண்டையில் அடைக்கும். கடலை மிட்டாய் பெரியவங்களுக்கு மட்டும். பாலுக்கு, ஃப்ரிட்ஜ் தேவைப்படாத சின்ன யு.எச்.டி. பெட்டிகள். பால்பவுடர் குடிக்கும் குழந்தைக்கு, கலக்கித் தயாரா வர்ற பெட்டிகள் நாலு நாளுக்கு மட்டும் வாங்குங்க. விலை கூடத்தான். ஆனா சுடுதண்ணி, கழுவுறது என்ற அலைச்சல் மிச்சம். அங்கே காசு கொடுக்கலாம், தப்பில்ல.

தண்ணி பாட்டில் ஆளுக்கு ஒண்ணு. கிளாஸ்டன்பரியில் 2019 முதல் பிளாஸ்டிக் பாட்டில் தண்ணி விற்பனையே இல்ல. குழாயில் இலவசமாப் பிடிக்கலாம்.

அடுப்பு கொண்டு போக விதி அனுமதிச்சாலும் ஒண்ணு மட்டும் மனசில் வைங்க. டென்ட்டுக்குள் அடுப்போ, பார்பிக்யூவோ, அணைஞ்சது போலத் தெரியும் கரியோ கூடவே கூடாது. குளிருக்கு இதமா இருக்குன்னு உள்ளே இழுத்து வெச்சு, கார்பன் மோனாக்சைடில் உயிர் போன குடும்பங்கள் இந்த நாட்டில் உண்டு. அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது.

தினமும் ஒரு வேளை வெளியில் வாங்கிச் சாப்பிடுங்க. விழாவுக்கு வந்துட்டு உப்புமாவே சாப்பிட்டா பசங்க அடுத்த வருஷம் வர மாட்டாங்க! ராத்திரி சாப்பாடு வெளியில், காலையும் மதியமும் நம்மது. இதுதான் நான் சொல்ற விகிதம்.

கழிவறை, மருந்து, தொலைந்து போகும் குழந்தை

மூணு தலைப்பையும் சேர்த்து ஒரு தனிச் சின்னப் பையில் வைங்க. அது எப்பவும் உங்க தோளில்.

கழிவறைக்கு: மடக்கும் பாட்டி, அதுக்குப் போடும் கவர், டிஷ்யூ, ஈரத்துடைப்பான், சின்ன மக் ஒண்ணு. மக் எதுக்குன்னு நமக்குச் சொல்ல வேண்டியதில்ல. ராத்திரி குழந்தையைத் தூக்கிட்டு வரிசையில் நிக்கிறதைவிட டென்ட் வாசலில் பாட்டி வெச்சா வேலை முடிஞ்சது. கை கழுவ சோப்பும் தண்ணியும்தான் முதல். வாந்தி பேதி வைரஸ் சிலதுக்கு ஜெல் போதாது. அதுவும் மாடு மேய்ஞ்ச நிலம்.

மருந்துக்கு: குழந்தைகளுக்கான பாராசிட்டமால் (வயசுக்கேற்ற அளவு பெட்டியிலேயே இருக்கும்), வாய்வழி உப்புக் கரைசல் பொடி, பிளாஸ்டர், தெர்மாமீட்டர், உண்ணி எடுக்கும் கொக்கி, வழக்கமாச் சாப்பிடும் மருந்து. ஆஸ்த்மா பம்ப் ரெண்டு. 16 வயசுக்குக் கீழே ஆஸ்பிரின் கூடாது. அவசரமில்லாத சந்தேகத்துக்கு 111, அவசரத்துக்கு 999.

தொலைந்து போகாமலிருக்க: நீர்ப்புகாத கைப்பட்டையில் ரெண்டு பெற்றோரின் போன் நம்பர். பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். தினமும் காலையில், அன்னிக்குப் போட்டிருக்கும் உடையோட ஒரு போட்டோ எடுங்க. "என்ன கலர் சட்டை?"ன்னு கேட்டா பதறும்போது ஞாபகம் வராது. கிளாஸ்டன்பரி 2 லட்சம் பேருக்கு மேல் கூடும் இடம். போன் சிக்னலை நம்ப முடியாது. அதனால காலையிலேயே சந்திக்கும் இடம் ஒண்ணு பேசி வைங்க. பெரியவனுக்கு ஒரே வாக்கியம் சொல்லிக் கொடுங்க: "காணோம்னா நின்ன இடத்திலேயே நில்லு, பளிச்சுனு சட்டை போட்ட ஸ்டாஃபைக் கூப்பிடு." டென்ட் மேலே கொடியா ஒரு பழைய பளபள சேலைத் துண்டு கட்டிடுங்க. ஆயிரம் பச்சை டென்ட்டுக்கு நடுவில் உங்க வீடு தனியாத் தெரியும். செலவு பூஜ்யம்.

சுமப்பது யார்?

கார் நிறுத்தும் இடத்துக்கும் டென்ட்டுக்கும் நல்ல தூரம் இருக்கும். மெல்லிய சக்கரப் புஷ்சேர் சேற்றில் சிக்கினா நீங்கதான் அதையும் சுமக்கணும். பெரிய சக்கர டிராலி நல்ல தீர்வு. பகலில் மூட்டை, ராத்திரி அதுவே கட்டில். போர்வை விரிச்சு, மேலே ஒரு சின்ன விளக்குச் சரம் சுத்தினா குழந்தை கவசத்தோட தூங்கிடும். ரெண்டு குடும்பம் சேர்ந்து ஒண்ணு வாங்கினா பாதிச் செலவு. சின்னதைச் சுமக்க ஒரு கேரியர், ஆளுக்கு ஒரு ஹெட் டார்ச், ஒரு பவர் பேங்க். இத்தோட நிறுத்துங்க.

வீட்டிலேயே விட்டுட்டுப் போக வேண்டியவை

முதலிடம் தங்கம். குழந்தை கழுத்துச் சங்கிலி, வளையல், உங்க தாலிக்கொடியில் கோத்த கனமான சங்கிலி எல்லாம் லாக்கருக்கு. புல்லில் விழுந்த கம்மலைத் தேட முடியாது. அரைப் பவுன் போனாலும் இந்தப் பதிவில் மிச்சம் பிடிச்சதில் ஒரு நல்ல பகுதி போச்சு. "இன்ஷூரன்ஸ் இருக்கே" என்றால், வீட்டுப் பொருள் காப்பீட்டில் வெளியிடத்துக்கான பாதுகாப்பு பெரும்பாலும் தனியாச் சேர்க்க வேண்டியது. அதிலும் ஒரு பொருளுக்கான உச்சவரம்பு, நீங்க ஏற்க வேண்டிய முதல் தொகை, டென்ட்டிலிருந்து திருட்டுப் போனால் என்ன என்ற விதி, மூணையும் கிளம்புறதுக்கு முன்னாடி படிங்க. போன், கேமராவுக்கும் அதே பாலிசிதான் பதில் சொல்லணும். தனியா இன்னொண்ணு எடுக்கும் முன் இருப்பதைப் பாருங்க.

அடுத்து ஐபேட், வெள்ளைச் சட்டை, பட்டுப்பாவாடை, புது ஷூ. அப்புறம் "எதுக்கும் இருக்கட்டும்" என்ற பெயரில் ஏறும் எல்லாமும்.

இப்போ கணக்கு

கீழே உள்ள விலைகள் எடுத்துக்காட்டுக்கு நான் வெச்சது. உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க. முதல் எண் எல்லாம் புதுசு, ரெண்டாவது நம்ம வழி (பவுண்டில்).

- டென்ட்: 180 / 15 (மைசூர்பாகு!)
- விரிப்பு நாலு: 100 / 40
- ஸ்லீப்பிங் பேக் நாலு: 120 / 0
- டிராலி: 90 / 40
- காதுக் கவசம் ரெண்டு: 40 / 40
- குழந்தைகள் மழை உடை, பூட்ஸ்: 80 / 30
- டார்ச், பவர் பேங்க்: 45 / 20
- ஐஸ் பெட்டி, ஃபிளாஸ்க்: 50 / 10
- மருந்து, சன்ஸ்கிரீன்: 25 / 25

பொருள் மொத்தம்: 730 / 220.

சாப்பாடு: மூணு வேளையும் வெளியில்னா நாளுக்கு 100 பவுண்டு, ஐஸ்கிரீம், ஜூஸ் 15. நாலு நாளுக்கு 460. நம்ம விகிதத்தில் ராத்திரி மட்டும் வெளியில் 40, நாலு நாளுக்கு 160. மளிகை 55, ஐஸ்கிரீம் 20. மொத்தம் 235.

டிக்கெட் 757, பெட்ரோல், பார்க்கிங் 100 ரெண்டு பக்கமும் சேர்த்தா: 2,047 பவுண்டு, எதிர் 1,312 பவுண்டு.

வித்தியாசம் 735. ரெண்டு பெரியவங்க டிக்கெட் 757. புரியுதா? பையை ஒழுங்கா அடுக்கினா அடுத்த முறைக்கான டிக்கெட் காசு கிட்டத்தட்ட கையில் இருக்கு. காதுக் கவசத்திலும் மருந்திலும் ஒரு பைசா குறைக்கல என்பதையும் கவனிங்க. சிக்கனம் என்பது எல்லாத்திலும் குறைக்கிறது இல்ல. எதில் குறைக்கக் கூடாதுன்னு தெரிஞ்சு, மத்ததில் குறைக்கிறது.

1,312-ஐ 12 மாசத்துக்குப் பிரிச்சா மாசம் சுமார் 110 பவுண்டு. தனி சேமிப்புக் கணக்கு ஒண்ணு திறந்து தானா போகும்படி வெச்சிடுங்க. ஓய்வு ஆண்டு சேமிக்கும் ஆண்டுன்னு சொன்னது இதுக்குத்தான். மாசம் 110 உங்களுக்குக் கஷ்டம்னா வெட்கப்பட ஒண்ணுமில்ல. ஒரு நாள் டிக்கெட் விற்கும் விழாக்கள் இருக்கு. கவசம், தொப்பி, மழைக்கோட்டு, இட்லி டப்பா நாலும் போதும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவங்கவங்க படுக்கையில் தூங்கலாம். கடன் வாங்கிப் போற விழா மட்டும் வேண்டாம்.

குழந்தைக்கும் ஒரு பட்ஜெட்

5 வயசுக் குழந்தைக்கு நாலு நாளுக்கு 10 பவுண்டு என்று முதல் நாளே சொல்லிடுங்க. காசு வாங்காத கடைகள் இருக்கலாம். அதனால வீட்டிலேயே அட்டையில் பத்து டோக்கன் வெட்டி ஒரு சின்னப் பையில் கொடுங்க. செலவு பண்ணும்போது டோக்கன் உங்களுக்கு, கார்டு கடைக்கு. ஒளிரும் குச்சிக்கு மூணு டோக்கன் போட்டா ஐஸ்கிரீமுக்கு எத்தனை மிச்சம்னு அதுவே எண்ணும். கிளாஸ்டன்பரியில் கிட்ஸ்ஃபீல்ட் பகுதியின் விளையாட்டுகள் இலவசம் என்பதால் பத்து தாராளமாப் போதும்.

கிளம்பும் முன் மூணே வேலை

1. காதுக் கவசத்தை இந்த வாரமே ஆர்டர் பண்ணுங்க, மிக்ஸி பக்கத்தில் பழக்குங்க.
2. வாட்ஸாப் குழுவில் டென்ட்டும் டிராலியும் கேளுங்க.
3. விழாவின் விதிப் பக்கத்தையும் உங்க வீட்டுக் காப்பீட்டையும் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் படிங்க.

திரும்பி வரும்போது டென்ட் ஆணி ஒண்ணுகூட மண்ணில் விட்டுடாதீங்க. விழா முடிஞ்சா அது மறுபடி மாடு மேயும் நிலம். அதோட, விட்டுட்டு வந்த பொருள் அடுத்த வருஷம் மறுபடி நம்ம காசு.

உங்க குடும்பம் எந்த விழாவுக்குப் போகுது, உங்க பட்டியலில் நான் விட்டுட்ட பொருள் என்னன்னு கமெண்ட்டில் எழுதுங்க. நல்ல யோசனைகளை அடுத்த வீடியோவில் சேர்த்துடறேன். காதைப் பத்திரமா பார்த்துக்கிட்டு, பாட்டை ரசிங்க.